பின் ஷாக்கில் காற்று

தினா, சாப்பாட்டு மேஜை மேல் நீ விட்டுவிட்டுப் போன ரிமோட் காரை ஒரு ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, மிச்சமிருக்கிற இடத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீ ஷூ வாங்க கமர்ஷியல் ஸ்ட்ரீட் போயிருக்கிறாய். உன் அப்பா ஹாலில் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு குறட்டை விடுகிறார். திங்கட்கிழமை காலையில் நீ பெங்களூரை விட்டுச் சென்னைக்கு ரயில் ஏறுகிறாய். அங்கே ஒரு கார் கம்பெனியின் சோதனை மைதானத்தில், இன்னும் கடைக்கே வராத கார்களை மேட்டிலும் பள்ளத்திலும் ஓட்டிப் பார்த்து, சஸ்பென்ஷன் குலுக்கலை எப்படித் தாங்குகிறது என்று சொல்வது உன் வேலை. தெரு முழுக்கப் பெருமையடித்துவிட்டேன். எதிர்வீட்டு அம்மாவுக்கு மைசூர்பாக்கும் கொடுத்தாயிற்று. உன்னிடம் மட்டும்தான் உண்மையைச் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. வாசலில் நின்று 'பாத்து ஓட்டுடா' என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிற பயம் இல்லை இது. குழம்பு கொதிக்கும்போது கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிடுகிறேன். கண் முன்னால் கார் தலைகீழாகக் கிடக்கிறது, உள்ளே நீ பெல்ட்டில் தொங்கிக்கொண்டு, 'ஒண்ணுமில்லம்மா, ஓகே' என்கிறாய். கார் கவிழ்ந்தது கூட இல்லை, அந்த 'ஓகே'தான் என்னைத் தூக்கிவாரிப் போடுகிறது. நேரில் சொல்ல வந்தால் நீ 'ஐயோ, ஆரம்பிச்சுட்டியா' என்பாய், நான் கத்துவேன், நீ ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். முழுக்கப் படி.

முதன்முதலில் நீ 'ரிமோட்ல ஓட்டற பக்கி வாங்கணும்மா' என்று வந்து நின்றபோது, 'வீட்ல ஒரு பக்கி போதாதா?' என்று கேட்டேன். நீ டிப்ளமா முடித்து தொம்மலூரில் சர்வீஸ் சென்டரில் சேர்ந்த புதிது. பொம்மைக் கார் என்று நினைத்தேன். வந்து இறங்கியதைப் பார்த்தால், கைக்குழந்தை கனம், முழ நீளம், நாலு சக்கரத்துக்கும் குதிப்பைத் தாங்க விரல் பருமனில் நாலு ஷாக். ஒவ்வொரு ஷாக்கையும் திறந்து சிலிக்கான் ஆயில் நிரப்பி, உள்ளே இருக்கிற பிஸ்டனை மேலும் கீழும் மெதுவாக இழுத்து, ஒரு பொட்டுக் காற்று கூட இல்லாமல் மூட வேண்டும் என்று நீயே எனக்குப் பாடம் எடுத்தாய். பாடம் எடுத்தாயே தவிர, நீ செய்த லட்சணம் இருக்கிறதே! மேஜை விரிப்பெல்லாம் எண்ணெய், ஷாக்குக்குள் சோடா மாதிரி குமிழி. பார்க்கச் சகிக்காமல்தான் பிடுங்கினேன். நீ பிறப்பதற்கு முன்னாலிருந்து ஊசி மருந்தில் காற்றெடுத்துக்கொண்டிருக்கிற நர்ஸ் கை இது. குமிழி தானாக மேலே வரும், அதை அவசரப்படுத்தக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். அன்றிலிருந்து ஓட்டுவது நீ, ஷாக் போடுவது நான் என்று ஆனது. 'எங்கம்மா போட்ட ஷாக்' என்று நீ உன்னோடு ரேஸ் ஓட்டுகிற பையன்களிடம் சொல்லும்போது, கேட்காத மாதிரி ஃபிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டிருப்பேன். கேட்கும்.

ஹொஸ்கோட்டை தாண்டி அந்தச் செம்மண் டிராக்குக்குக் காலையில் போய்ச் சேரும்போது ஸ்வெட்டர் போட்டிருப்போம். மத்தியானம் தகரக் கொட்டகைக்குள் மண்டை காயும். காலையில் சரியாக இருந்த ஆயில் வெயிலில் இளகித் தண்ணீராகிவிடும், கார் மேட்டில் ஏறிக் குதிக்கும்போது வயிறு தரையில் அடிக்கும். உடனே கொஞ்சம் கெட்டியான ஆயிலுக்கு மாற்ற வேண்டும். அதற்கு நீ வந்து சொல்ல வேண்டும். இந்த வேலையில் மொத்த சூட்சுமமும் அதுதானே தினா. நீ அந்த இரும்பு மேடையில் நின்று ரிமோட்டில் ஓட்டுகிறாய், இறங்கி வந்து கார் என்ன செய்தது என்று சொல்கிறாய், நான் ஒன்றே ஒன்றை மாற்றுகிறேன், நீ திரும்ப ஓட்டுகிறாய். நீ சொல்லாவிட்டால் என் கையில் ஒன்றுமே இல்லை. ஆனால் நீ என்றைக்குச் சொல்லியிருக்கிறாய்? 'எப்படிடா இருக்கு?' என்றால், 'ஓகேம்மா.' 'பின்னால இழுக்குதா?' என்றால், 'லைட்டா, நான் பாத்துக்கறேன்.' ஒருமுறை பின்பக்க ஷாக் ஒன்றில் ரப்பர் வளையம் கிழிந்து ஆயில் முழுக்க ஒழுகிப்போயிருக்கிறது. நீ அந்தக் காரை ரேஸ் முடியும்வரை ஓட்டி, இரண்டாவதாகவும் வந்துவிட்டாய். நான் ஷாக்கைத் திறந்தால் உள்ளே வெறும் மண். 'இது என்னடா?' என்று கேட்டேன். 'ரெண்டாவது ரவுண்டுலயே தெரிஞ்சுதும்மா. வளைவுல முன்னாடியே பிரேக் புடிச்சு ஓட்டுனேன், அட்ஜஸ்ட் ஆயிடுச்சு' என்று சிரித்தாய். டிராக்கை நடத்துகிற மஞ்சு உன் முதுகில் தட்டி, 'சூப்பர் கணோ! எந்தக் காரைக் குடுத்தாலும் ஓட்டுவான் ஆன்ட்டி இவன்' என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். நான் மட்டும் கைதட்டவில்லை. நீ காரைச் சரிசெய்வதில்லை, கார் எப்படிக் கோணுகிறதோ அப்படி நீயும் கோணிக்கொள்கிறாய்.

நான் ஏன் பயப்படுகிறேன் என்று உனக்குப் புரிய வேண்டுமென்றால் என் வார்டுக்கு ஒருநாள் வந்து நிற்க வேண்டும். விபத்தில் அடிபட்டு இரண்டு பேர் ஒன்றாக வந்தால், கத்துகிறவனிடம் நாங்கள் முதலில் ஓடமாட்டோம். கத்துகிறவனுக்கு மூச்சு இருக்கிறது, நினைவு இருக்கிறது, எங்கே வலி என்று அவனே சொல்லிவிடுவான். சும்மா உட்கார்ந்துகொண்டு 'எனக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர், அவரைப் பாருங்க' என்கிறான் பார், அவனிடம்தான் ஓடுவோம். அப்படிச் சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீர் கொண்டு வருவதற்குள் என்ன ஆனது என்பதை எழுத எனக்கு இஷ்டமில்லை. ரிமோட் கார் கவிழ்ந்தால் உன் மேல் ஒரு கீறல் கிடையாது. ஓரத்தில் நிற்கிற ஆள் ஓடிப்போய் நிமிர்த்தி வைப்பான், அது மறுபடி புழுதி கிளப்பிக்கொண்டு ஓடும். இத்தனை வருஷமும் நீ காருக்கு வெளியே நின்றாய். இனி உள்ளே உட்காரப் போகிறாய். உன்னைப் பற்றிய இந்தப் பயத்தை எந்த மாத்திரை போட்டுத் தணிப்பது என்று எனக்குத் தெரியவில்லை, மகனே.

இந்தக் குணம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று உன் அப்பாவைக் குறை சொல்லலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. அவருக்குத் தலைவலி வந்தாலே தொம்மலூர் முழுக்கத் தெரியும். உன் ரேஸ் முடிந்ததும், அடுத்த ரேஸுக்கு உன் தரப்பு ஆள் யாராவது டிராக் ஓரத்தில் நின்று கவிழ்ந்த கார்களை நிமிர்த்த வேண்டும் என்பது அங்கே வழக்கம். நீ ஃபைனலுக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தாய் என்று ஒருநாள் நான் போய் நின்றேன். 'அம்மா, ஹுஷாரு! பாத்து!' என்று மஞ்சு மைக்கில் கத்தினான். நான் திரும்புவதற்குள் யாருடைய காரோ மேட்டிலிருந்து பறந்து வந்து என் கணுக்காலில் இடித்தது. கண்ணில் பூச்சி பறந்தது. அத்தனை பேரும் 'ஏனாய்த்தம்மா, என்னாச்சு?' என்று ஓடிவர, நான் 'ஏனில்லப்பா, ஒண்ணுமில்ல' என்று சிரித்துக்கொண்டே ரேஸ் முடியும்வரை ஒற்றைக் காலில் நின்றேன். உன் பைக் பின்னால் உட்கார்ந்து கே.ஆர்.புரம் டிராஃபிக் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். மறுநாள் நான் வேலை பார்க்கிற இடத்திலேயே மாவுக்கட்டு போட்டார்கள். நீ கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கண் கலங்கி, 'ஏம்மா சொல்லல?' என்று கேட்டாய். 'சொன்னா உன் ஃபைனல் கெட்டுப்போயிருக்கும்ல?' என்று நான் பதில் சொன்னேன். அதுவும் எப்படி? பெரிய தியாகி மாதிரி! நீ அதைக் கேட்டுத் தலையாட்டினாய். பாசம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் போல என்று நினைத்துக்கொண்டிருப்பாய். அன்றைக்கே நீ என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது போன ரேஸுக்கு வருகிறேன். நீ பெங்களூரில் ஓட்டுகிற கடைசி ரேஸ் என்று நான் பார்த்துப் பார்த்துப் போட்ட ஷாக். கார் ஒவ்வொரு மேட்டிலும் குதித்து இறங்கும்போது பின்பக்கம் கழுதை மாதிரி உதைத்தது. நான் கீழே நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நீ எப்போதும் தாண்டுகிற பெரிய மேட்டைக் கூடத் தாண்டாமல் உருட்டிக்கொண்டு போனாய். கடைசியிலிருந்து மூன்றாவதாக வந்தாய். இறங்கி வந்ததும், 'என்னாச்சு? ஷாக்கா?' என்று கேட்டேன். 'சேச்சே, ஷாக் சூப்பர்மா. மண்ணு ஈரம்' என்றாய். முதல் நாள் மழை பெய்திருந்ததால் நம்பிவிட்டேன். முந்தாநாள் நீ வேலைக்குப் போன பிறகு, காரைத் துடைத்து வைக்கலாம் என்று எடுத்து, பழக்கதோஷத்தில் பின்பக்கத்தை உள்ளங்கையால் அமுக்கினேன். சளக், சளக் என்று சத்தம். ஷாக்கில் காற்று இருந்தால்தான் அந்தச் சத்தம் வரும். ஒன்றில் இல்லை தினா, பின்பக்கத்து இரண்டிலும். காதுள்ள எவனுக்கும் கேட்கிற சத்தம் அது. உனக்குக் கேட்காமல் இருந்திருக்காது.

அன்று சாயங்காலம் உன் வேலைக்கு வாழ்த்துச் சொல்ல மஞ்சு எனக்கு ஃபோன் பண்ணினான். நான் விடவில்லை, பிடித்துக்கொண்டேன். 'ஏம்ப்பா, அன்னைக்கு ஷாக்ல காத்து இருந்துதா?' என்றேன். 'அய்யோ, நிமகெ கொத்தில்வா ஆன்ட்டி, உங்களுக்குத் தெரியாதா?' என்று பதறிவிட்டான். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான். 'ரேஸ் ஸ்டார்ட்டுக்கு முன்னாடியே தினா அமுக்கிப் பாத்தான் ஆன்ட்டி. நானே சொன்னேன், டைம் இருக்கு, நம்மகிட்ட ஆயில் இருக்கு, வேற போட்டுக்கோடான்னு. பேடா மஞ்சு, வேணாம், அம்மா இங்கயே நிக்கறாங்க, பாத்தா மனசு பேஜாராய்டுவாங்கன்னுட்டான்.' நான் ஃபோனை வைத்துவிட்டு அடுப்பங்கரையில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். முதலில் பாசமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. என் பிள்ளை என் மனசு நோகக் கூடாது என்று கடைசி ரேஸையே விட்டுக்கொடுத்திருக்கிறான் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். அப்புறம்தான் திங்கட்கிழமை ஞாபகம் வந்தது. அந்தச் சென்னை மைதானத்தில் யாரோ ஒரு இன்ஜினியர், நல்ல மனுஷர், வீட்டுக்குக் கூடப் போகாமல் ஒரு ஷாக்கை வடிவமைத்து வைத்திருப்பார். நீ ஓட்டிவிட்டு இறங்குவாய். கார் உதைத்திருக்கும். அவர் ஆசையாக உன் முகத்தைப் பார்ப்பார். நீ அவர் முகத்தைப் பார்ப்பாய். 'சூப்பர் சார்' என்று சொல்வாய். அடுத்த ரவுண்டில் இன்னும் வேகமாகப் போகச் சொல்வார்கள், நீ போவாய். அந்தக் காரை யாரும் ஓடி வந்து நிமிர்த்தமாட்டார்கள்.

சரி, ஷாக்கில் காற்று எப்படி வந்தது? இதைத்தான் எழுதாமல் இவ்வளவு தூரம் சுற்றிக்கொண்டு வந்தேன். எனக்குக் குமிழி தெரியவில்லை. என் வலது கண்ணில் நடுவில் புகை அடைத்த மாதிரி இருக்கிறது. தசராவுக்கு முன்னாலிருந்தே இருக்கிறது, இப்போது அதிகமாகிவிட்டது. இடது கண்ணை மூடிக்கொண்டு உன்னைப் பார்த்தால் உன் காது தெரிகிறது, கலைந்த தலை தெரிகிறது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் முகம் இல்லை. எனக்குச் சர்க்கரை இருப்பது உனக்குத் தெரியும். சர்க்கரை கண்ணை என்ன செய்யும் என்று எத்தனையோ பேருக்கு நானே எடுத்துச் சொல்லியிருக்கிறேன். வருஷம் தவறாமல் கண்ணைக் காட்டுங்கள் என்று அதட்டியிருக்கிறேன். நான் காட்டவில்லை. காட்டினால் தெரிந்துவிடுமே என்று பயம். தலையை வலதுபக்கம் கொஞ்சம் திருப்பி, இடது கண்ணால் பார்த்துச் சமாளிக்கிறேன். ஆஸ்பத்திரியில் முட்டிவலி என்று சொல்லி ஊசி போடுகிற டியூட்டியிலிருந்து ஒதுங்கிக்கொண்டேன், அந்த மட்டுக்கும் புத்தி இருந்தது. கடைக்குப் போகிற ஸ்கூட்டியை மட்டும் விடவில்லை. போன வாரம் தொம்மலூர் ஃபிளைஓவர் இறக்கத்தில் வலதுபக்கம் ஒரு ஆட்டோ எங்கிருந்து முளைத்தது என்றே தெரியவில்லை, அதன் கண்ணாடி என் கையில் உரசிக்கொண்டு போனது. டிரைவர் நிறுத்தி, 'கண்ணு காணல்வா அம்மா?' என்று கத்தினான். ஆமாம்ப்பா, காணவில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. 'சாரி' என்று சொல்லிவிட்டு வந்து, வீட்டில் சட்னி அரைத்தேன்.

இதையும் நினைத்துப் பார்த்தேன் தினா. கொஞ்ச நாளாக நீ என்னைக் காலையில் ஆஸ்பத்திரியில் இறக்கிவிடுகிறாய், 'எனக்கு அந்தப் பக்கம்தாம்மா வேலை' என்று. உன் வேலை நம் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். அடுப்பங்கரை பல்பை மாற்றிப் பெரியதாகப் போட்டாய். ஊசியில் நூல் கோத்துத் தரக் கேட்டால் பேசாமல் கோத்துக் கொடுக்கிறாய், முன்னே மாதிரி 'கெழவி' என்று கிண்டல் செய்வதில்லை. உனக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குக் கண் தெரியவில்லை என்று உனக்குத் தெரியும், உனக்குத் தெரியும் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. ஒரே வீட்டுக்குள் ஒருவரையொருவர் இடிக்காமல் ஒதுங்கி ஒதுங்கி ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறோம், இரண்டு பேரும் 'ஓகே' என்று சொல்லிக்கொண்டு. இன்னும் ஒரு வாரம் இப்படியே போயிருந்தால் நான் அந்த ஃபிளைஓவரில் கிடந்திருப்பேன், நீ ஆயுசுக்கும் 'நான் சொல்லியிருக்கணும்' என்று அழுதுகொண்டிருந்திருப்பாய். இதில் உன்னைத் திட்ட எனக்கு உரிமை இல்லைதான். இருந்தாலும் திட்டுகிறேன். எருமை, வாயைத் திறந்து சொல்லியிருந்தால் என்னடா?

நாளை மறுநாள், சனிக்கிழமை காலை, கண் ஆஸ்பத்திரியில் நேரம் வாங்கியிருக்கிறேன். கண்ணில் மருந்து விட்டால் தனியாகத் திரும்பிவர முடியாது, கூட ஆள் வேண்டும் என்றார்கள். நீ வர வேண்டும். ஸ்கூட்டி சாவியை உன் பையில் போட்டுவிட்டேன், நான் கெஞ்சினாலும் கொடுக்காதே. டாக்டர் என்ன சொல்வாரோ. திரும்ப வராது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. லேசர் என்பார்கள், ஊசி என்பார்கள், அதெல்லாம் மற்றவர்களுக்கு ஆறுதல் சொல்லும்போது எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது! உன்னைப் போகாதே என்று சொல்லமாட்டேன். முதலில் அப்படித்தான் எழுத நினைத்தேன், நாலு வரி எழுதிக் கிழித்தும் போட்டேன். கண்ணைக் காரணம் காட்டி உன்னை இங்கே உட்கார வைத்தால், நீ அதற்கும் 'ஓகேம்மா' என்று சொல்லி உட்கார்ந்துவிடுவாய். அதுதான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பயம்.

இதைப் படித்து முடித்ததும் ஹாலுக்கு வா. அப்பாவை எழுப்பி உட்கார வை, கண் விஷயத்தை அவரிடமும் நானே சொல்கிறேன், அவர் போடுகிற கூச்சலைச் சேர்ந்தே தாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதற்கு முன்னால் உன்னிடம் ஒன்று கேட்பேன். போன ரேஸுக்கு நான் போட்ட ஷாக் எப்படிடா இருந்தது? மண், மழை என்று ஆரம்பிக்காதே. எந்த மேட்டில் உதைத்தது, எந்தப் பக்கம் இழுத்தது, எதனால் நீ அந்தப் பெரிய மேட்டைத் தாண்டப் பயந்தாய், எல்லாவற்றையும் என் முகத்தைப் பார்த்துச் சொல்லு. எனக்கு வலிக்கும். அழுதாலும் அழுவேன். நீ நிறுத்தாதே, கடைசி வரைக்கும் சொல்லு. அதை நீ என்னிடம் சொல்லி முடித்தால்தான், திங்கட்கிழமை உன்னை ரயில் ஏற்றிவிட எனக்குத் தைரியம் வரும்.